தமிழ்க் கணினித் துணைச்செயலிகள்

மேசைக்கணினியின் இயங்குதளத்தோடு சேர்ந்து வராமல், பயனர் தனியாகத் தேடி நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களில் தமிழை எழுதவும் காட்டவும் மாற்றவும் வாசிக்கவும் உதவுபவை தமிழ்த் துணைச்செயலிகள். விசைப்பலகை இயக்கிகள், எழுத்துருக்கள், குறியேற்ற மாற்றிகள், திரைப்படிப்பான்கள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இத்தகைய செயலிகள் கூடுதல் வசதி. தமிழில் வேலை செய்பவருக்கு நெடுங்காலம் இவையே கணினியின் உயிர்.

இந்தத் தேவையைத் துலக்கமாகக் காட்டும் ஊர் மைசூரு. அங்கே மானசகங்கோத்ரியில் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்டது. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபின், 2006இல் செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் இந்நிறுவனத்தில்தான் தொடங்கியது. 2008இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் மைசூரில் உள்ளது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் அங்கே காக்கப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கன்னட நகரமொன்றில் இவ்வளவு தமிழ்ப் பணி நடந்திருப்பதால், ஒரே கணினியில் இரு மொழிகளும் பழைய எழுத்துகளும் இணைந்து இயங்கவேண்டிய கட்டாயம் அங்கு இயல்பானது.

தட்டச்சு

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் இத்துறையின் முன்னோடி. 2000ஆம் ஆண்டில் பா. விஸ்வநாதனின் அழகி வந்தது. தமிழா! குழுவின் எ-கலப்பையும், சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டரும் வலைப்பதிவுத் தலைமுறையைத் தமிழில் எழுதவைத்தன. அக்காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே இயக்கினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமரும். விண்டோஸ் 2000 முதலே லதா எழுத்துரு இருந்தும், எழுத எளிய விசைப்பலகை இல்லாத குறையை இச்செயலிகளே தீர்த்தன.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் புதிதாகத் தொடங்குவோர் கற்பதே நல்லது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். புள்ளியைச் செயலியே இடும். ‘தங்கம்’ என்பதில் ங-வுக்குப் பின் க வந்தவுடன் புள்ளி தானே விழும். தமிழின் ஒலி இயல்பையே விசையமைப்பாக்கிய அருமையான வடிவமைப்பு இது. இன்று விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளமைந்தே கிடைப்பதால், தட்டச்சுக்கு மட்டும் துணைச்செயலி தேடுவோர் குறைந்துவிட்டனர்.

கன்னடத்தில் 1998இல் வெளிவந்த பரஹ, கன்னட கணக பரிஷத்தின் நுடி ஆகியவை இதே பணியைச் செய்தன. தமிழ் உட்படப் பிற இந்திய மொழிகளுக்கும் பரஹ இடம் கொடுத்தது.

மாற்றிகள்

இன்றும் தவிர்க்கமுடியாதது குறியேற்ற மாற்றி. ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. ஆயினும் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அலுவல் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் டிஸ்கி, டாப், டாம், பாமினி, வானவில் எனப் பல குறியேற்றங்களில் நூல்களும் கோப்புகளும் குவிந்தன. பேஜ்மேக்கரில் ஒருங்குறித் தமிழ் இயங்காததால் அச்சுத்தொழில் பழைய எழுத்துருக்களிலேயே தங்கியது. அக்கோப்புகளில் உரிய எழுத்துரு இல்லையேல் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். தேடவும் முடியாது.

என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை இவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பை வெறும் உரையாக ஒட்டினால், எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். எனவே மூலக்கோப்பை அழிக்காமல் வைத்து, மாற்றியதை வரிக்கு வரி ஒப்பிடுவது கட்டாயம்.

கல்வெட்டுக்குரிய எழுத்துருக்கள்

சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் உள்ள மங்கலச் சொல் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நிலக்கணக்கில் மா, காணி, முந்திரி என்னும் பின்னங்கள் வரும்: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் 2014இலும், இப்பின்னங்கள் உள்ளிட்ட 51 தமிழ்க் குறிகளுக்கு 2019இலும் இடம் ஒதுக்கப்பட்டது. இடம் கிடைத்தாலும் எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெற்றுக் கட்டங்களே. கூகுளின் இலவச நோட்டோ வரிசையில் கிரந்தத்துக்கும் தமிழ்ப் பின்னங்களுக்கும் தனி எழுத்துருக்கள் உள்ளன. தமிழ்க் கல்வெட்டைப் பதிப்பிக்கும் எவரும் முதலில் இவற்றை நிறுவவேண்டும்.

இக்குறிகளை எழுத கீமேன் உதவும். 1990களில் தோன்றிய இச்செயலி 2015இல் எஸ்ஐஎல் அமைப்பிடம் சென்றது. இப்போது இலவசத் திறமூல மென்பொருள். தமக்கு வேண்டிய விசைப்பலகையைப் பயனரே வடிவமைக்கலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. லினக்ஸில் இந்த வேலைக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பு, எம்17என் நூலகத்தோடு கைகொடுக்கும்.

விசைப்பலகை இயக்கி கடவுச்சொல் உட்பட நாம் அடிக்கும் ஒவ்வொரு விசையையும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் இவ்வகைச் செயலிகளை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே எடுக்கவேண்டும். மூலநிரல் திறந்திருப்பது கூடுதல் காப்பு.

வாசிப்பு

அச்சுப் பக்கத்தின் படத்தை உரையாக்க, தமிழறிந்த திறமூல எழுத்துணரி டெசராக்ட் உள்ளது. தெளிவான அச்சில் நன்றாக வேலை செய்யும். மங்கிய பழந்தாளில் திருத்தம் மிகுதியாகத் தேவைப்படும்.

பார்வையற்றோருக்கு இன்றியமையாதது என்விடிஏ என்னும் திரைப்படிப்பான். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இது விலையின்றிக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியும். குரல் இயந்திரத்தனமானது, ஆனால் மிக வேகமாக வாசிக்கவிட்டாலும் சொல் தெளிவாக நிற்கும். ஒருங்குறியில் உள்ள தமிழை மட்டுமே அதனால் படிக்க முடியும் என்பதால், பழைய எழுத்துருவில் கிடக்கும் நூல்கள் மாற்றப்படும்வரை அவர்களுக்குத் திறப்பதில்லை.