ஆடைத் திரை அச்சு மைகள்

1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் திரை அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். துணி அச்சில் மையைத் தேர்ந்தெடுக்க நெடுங்காலம் அச்சிடுபவரின் வசதியே அளவுகோலாக இருந்தது. நீர்வழி மை நூலிழைக்குள் ஊறுவதால் துணியின் மென்மை குறையாது. ஆனால் வேலையின் இடையே மை உலர்ந்து திரையின் கண்களை அடைத்துவிடும். அடர்நிறத் துணியில் நிறம் மங்கலாகத் தெரியும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய பிளாஸ்டிசால் மை இக்குறைகளைப் போக்கியது. பிவிசி துகள்களை நெகிழியாக்கி நீர்மத்தில் கலந்து செய்யப்படும் இது, திரையில் உலராது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் துணியின்மேல் படலமாக இறுகும். கறுப்புத் துணியிலும் நிறம் பளிச்சென்று தெரியும். எனவே டி-சட்டை அச்சில் இதுவே முதன்மை மையானது.

நெகிழியாக்கியாகச் சேர்க்கப்பட்ட தாலேட்டுகளில் சில, இனப்பெருக்க நலனுக்குத் தீங்கானவை எனப் பின்னர் தெரியவந்தது. 2008இல் அமெரிக்கச் சட்டம், 3 வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்புப் பொருள்களில் குறிப்பிட்ட தாலேட்டுகளின் அளவை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. இரவு உடைகளும் இதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் கட்டுப்பாடுகள் உள்ளன.

இவ்விரு சந்தைகளுக்கும் பின்னலாடை அனுப்பும் திருப்பூரின் அச்சுக்கூடங்களையும் இவ்விதிகள் கட்டுப்படுத்துகின்றன. குழந்தை உடைக்கு நீர்வழி மை அல்லது தாலேட்டு இல்லாத பிளாஸ்டிசாலே பொருத்தமானது. அணிபவரின் உடல்நலமும் இன்று மைத் தேர்வின் அளவுகோலாகிவிட்டது.