தொண்டின் ஊதியம்

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தைச் சூழ்ந்த மலைகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு சங்கதிகளையே விஸ்தரிப்பது வழக்கம்: பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற கதை ஒன்று, 1940-இல் திருவிதாங்கூர் அரசு பள்ளிவாசல் மின்நிலையத்தை இயக்கிவைத்த கதை மற்றொன்று. போடிநாயக்கனூர், குரங்கணி மார்க்கமாக, கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் க்ஷேமத்தை யார், எவ்விதம் கவனித்தார்கள் என்ற விசாரணைக்கு அந்நூல்களில் அதிக இடம் இல்லை.

ஆரம்பத்தில் அந்தக் கவனிப்பு துரைமாரின் தயவாக இருந்தது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தேயிலைத் தோட்டக் கம்பெனியின் தர்மசிந்தனைக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. எனினும் அச்சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத ஒரு பிள்ளை, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தது. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. பெற்றோர் ஓய்வு பெறும்போது வேலையை ஏற்க ஒரு மகனோ மகளோ இருந்தால்தான் குடும்பம் அங்கே நிலைக்கும். கொழுந்து கிள்ள இயலாமல், பிறவியிலேயே உடலோ அறிவோ குன்றிய பிள்ளை, தாய் தகப்பன் காட்டுக்குப் போன பிறகு பகல் முழுவதும் அடைத்த கதவுக்குள் கிடந்தது.

இந்தப் பிள்ளைகளை முன்னிட்டே 1991-இல், டாடா டீ கம்பெனியின் ஆதரவில், ரத்னா கிருஷ்ணகுமார் மூணாற்றில் தொடங்கிய சிறு முயற்சி 'சிருஷ்டி' என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. முதலில் ஒரு பள்ளி. பள்ளி முடித்தவர்கள் மறுபடியும் லயத்து மூலைக்கே திரும்பிவிடாதபடி, பிறகு தொழிற்கூடங்கள். 'ஆரண்யா'வில் இயற்கைச் சாயம், 'அதுல்யா'வில் கைக் காகிதம், 'நிசர்கா'வில் ஸ்ட்ராபெரி ஜாம். ஆரண்யாவின் வேலைமுறை கவனிக்கத்தக்கது. துணியைச் சிறுசிறு குமிழாகப் பிடித்து, நூலால் இறுகச் சுற்றி முடிகிறார்கள். யூகலிப்டஸ் இலையையும் தேயிலைக் கழிவையும் காய்ச்சி எடுத்த சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை வளையங்கள் தோன்றும். ஒரே முடிச்சை அலுக்காமல் நாளெல்லாம் போடும் பொறுமையே இத்தொழிலின் மூலதனம்; எதற்கும் ஆகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்களிடம் அது குறைவின்றி இருந்தது.

இத்தகைய காரியத்தை நடத்துவோர் அடையும் பலன் யாது? புண்ணியம் என்பார்கள், எனக்கு அவ்விடை போதவில்லை. தன்னால் பசி தீர்ந்தவனின் நன்றியைக் காட்டிலும், தன்னிடம் வேலைசெய்து சம்பளம் வாங்குபவன், சம்பளம் குறைந்தால் கேட்கத் துணிவதையே நல்ல நிர்வாகி பெரிய பேறாகக் கருதுவான் என்பது என் எண்ணம். டாடாவுக்கு முன் மூணாற்றை நிர்வகித்த பின்லே கம்பெனி 1920-களில் தேயிலை பயிரிடச் சென்ற கென்யாவின் கெரிச்சோவிலும், கிழக்கு ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலும் கிராமத்துக்குக் கிராமம் உதவித் திட்டம் நடத்துவோர்க்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

ஆனால் தொண்டு கூலிக்கு ஈடாகாது. இதை மூணாற்றுப் பெண்களே ஸ்பஷ்டமாகச் சொல்லிவிட்டார்கள். 2005-இல் தோட்டங்களை ஏற்ற கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். அப்படியிருந்தும் 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் அண்டவிடாமல், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். ஒன்பது நாள் மறியலுக்குப் பின் அவர்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.