அணைக்குக் கீழே பன்னிரண்டு வோல்ட்

பாபநாசத்தில் தாமிரபரணியின் விசையை ஆலைக்குப் பூட்டியவர்கள் ஹார்வி சகோதரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை அப்படித்தான் ஓடியது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையமும் வந்தது. ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே இருக்கும் கல்லிடைக்குறிச்சியிலோ அப்பள மாவை இடிப்பதும் தேய்ப்பதும் அதன் பிறகும் வெகுகாலம் கைவேலைதான். மின்சாரம் போதாததே காரணம் என்பார்கள். வீட்டுக்கூடத்துக்கு ஏற்ற அளவில் மோட்டார் இல்லாததே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தொழில் வளர்ந்தது கிணற்றுப் பம்புசெட்டை நம்பி.

சின்ன மோட்டார் வந்தது பாட்டு கேட்கும் பெட்டிக்குள். ஜப்பானில் 1954-இல் தொடங்கிய மபுச்சி போன்ற நிறுவனங்கள் காந்தம் வைத்த குட்டி டி.சி. மோட்டார்களைக் குவித்தன. பழுதான டேப் ரிக்கார்டரைத் திறந்தால், ரப்பர் வளையத்தில் உட்கார்ந்த தகர டப்பா, முனையில் சிறு கப்பி, மேலே '12 வோல்ட், 2400 சுற்று' என்ற எழுத்து. கைபட்டாலும் ஷாக் அடிக்காது; பொம்மைக்கும் குட்டி விசிறிக்கும் அது போதும். இதை வைத்து உளுந்து மாவு பிசைய முடியுமா என்று கேட்டால், முடியாது, நின்றுவிடும். பன்னிரண்டு வோல்ட்டிலேயே இழுவை வேண்டுமென்றால் பழைய காரின் வைப்பர் மோட்டாரைத்தான் தேட வேண்டும். உள்ளே பற்சக்கரம் இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலும் பலமாக இழுக்கும்.