வாகன நிறுத்தக் கட்டுப்பாடு (கடலூர், சிதம்பரம்)

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாகன நிறுத்தம் இரு அமைப்புகளின் பொறுப்பில் இருக்கிறது. நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை விட்டால் அபராதம் போடுவது காவல்துறை. பேருந்து நிலையம், சந்தை போன்ற இடங்களில் கட்டணம் வாங்கும் உரிமையை ஏலம் விடுவது உள்ளாட்சி. இந்த நடவடிக்கைகள் விபத்தைத் தடுக்கவா, கஜானாவை நிரப்பவா என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். பணம் போய்ச் சேரும் இடம் வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பதே சரி.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 122-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ தரும் வகையில் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. 127-ஆவது பிரிவு, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. நிறுத்துமிடங்களை வரையறுப்பது 117-ஆவது பிரிவு. அவ்வாறு வரையறுக்கும்போது சாலையைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்கும் தடையற்ற போக்குவரத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்ற வாசகத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் சேர்த்தது. ஆக, சட்டத்தின் நோக்கத்தில் குழப்பம் இல்லை.

2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதங்களை உயர்த்தியது. அதுவரை 100 ரூபாயாக இருந்த 'நோ பார்க்கிங்' அபராதம் 500 ஆனது. மறுபடி சிக்கினால் 1,500. நாள் கூலிக்காரருக்கு 500 ரூபாய் என்பதே ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். அபராதத் தொகை இ-சலான் வழியாக மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. சலான் போட்ட காவல் நிலையத்துக்கோ, 2021-இல் மாநகராட்சியான கடலூருக்கோ, சிதம்பரம் நகராட்சிக்கோ அதில் நேரடிப் பங்கு இல்லை. உள்ளாட்சிக்குக் கிடைப்பது குத்தகைப் பணம். ஏலத் தொகையை முன்கூட்டியே கட்டிய குத்தகைதாரர் அதை வசூலித்தே தீர வேண்டும் என்பதால், சீட்டு கிழிப்பதில் இருக்கும் வேகம் வண்டிகளை வரிசைப்படுத்துவதில் இருப்பதில்லை. வருவாய் நோக்கம் என்ற குற்றச்சாட்டு அபராதத்தைவிட இங்கேதான் அதிகம் பொருந்தும்.

கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாடலீஸ்வரர் கோயில், துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த லாரன்ஸ் சாலை எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கடை வாசலில் டூவீலர்கள் ஒரு வரிசை நின்றால் சாலையின் ஓரம் போய்விடும். அதற்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ சரக்கு இறக்க நின்றதும், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் சைக்கிள் பேருந்தின் பாதைக்கே வந்தாக வேண்டும். இங்கே போடும் அபராதத்தில் பாதுகாப்புக் காரணம் நிச்சயம் உண்டு. ஆனால் கடைக்கு வந்தவர் வண்டியை வேறு எங்கே விடுவது என்பதற்குப் பதில் இல்லாதவரை அது அவருக்கு வெறும் பண நஷ்டமாகவே தெரியும். அந்தக் கோபம் நியாயமானது.

சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளும் தேர் ஓடுவதற்கென்று அமைந்தவை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் ஐந்து தேர்கள் வரும் நாளில் வீதிகளில் வண்டிகள் நிற்பதில்லை. கட்டுப்பாட்டை முன்கூட்டியே அறிவித்து, மாற்று இடம் காட்டி, எல்லோருக்கும் ஒன்றுபோல நடத்தினால் ஊர் ஒத்துழைக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் உயிரைப் பறிக்கும் வாகன நிறுத்தம் பெரும்பாலும் கடைத்தெருவில் நடப்பதில்லை. இரவில் நெடுஞ்சாலை ஓரமாக, பின்விளக்கோ பிரதிபலிப்புப் பட்டையோ இல்லாமல் நிற்கும் லாரி, டிராக்டர் டிப்பர் மீது பின்னால் வருபவர் மோதுவதே கொடியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, நின்ற வாகனத்தில் மோதும் விபத்துகளைத் தனி வகையாகவே கணக்கிடுகிறது. கடலூரையும் சிதம்பரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது; பண்ருட்டி சாலையில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை இருக்கிறது. கனரக வண்டிகள் காத்து நிற்க நேரும் இத்தகைய இடங்களில் இரவு ரோந்து போய் ஒரு லாரியை அப்புறப்படுத்துவது, பகலில் கடைவீதியில் எழுதும் பல சலான்களைவிட உயிர்காக்கும் வேலை.

இனி வருவாய்க்கு வருவோம். இங்கிலாந்தில் வாகன நிறுத்த வருமானத்தை உள்ளாட்சி எதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. லண்டனின் பார்னெட் உள்ளாட்சி, மற்றச் செலவுகளுக்குப் பணம் திரட்டக் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது என்று 2013-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை (2006), நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்றது. பெருநகர்களுக்குப் பொருத்தமான அந்த யோசனையைக் கடலூருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை நிறுத்துமிடம் அமைக்கவும் நடைபாதையை மீட்கவும் ஒதுக்க, பெருநகராக இருக்க வேண்டியதில்லை.

எது நோக்கம் என்பதைக் கணக்கைக் கொண்டே சோதிக்கலாம். இ-சலானில் இடமும் நேரமும் பதிவாகின்றன. 2021-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் விபத்து நடந்த இடம் பதிவாகிறது. அதன் முன்னோட்டம் நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாவட்டக் காவல்துறை இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சலான் எழுதிய இடங்களும் விபத்து நடந்த இடங்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ஊரே பார்த்துக்கொள்ளும்.