ஏதென்ஸ்: மக்கள் மன்றமும் நாடக அரங்கும்



பண்டைய கிரேக்கம் ஒரே நாடாக இருந்ததில்லை. மலைகளும் கடலும் பிரித்துவைத்த நூற்றுக்கணக்கான நகர அரசுகளின் தொகுதியே அது. அவற்றுள் ஏதென்ஸில் கி.மு. 508 அளவில் கிளைஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்கள் மக்களாட்சிக்கு வழிவகுத்தன.

குடிமக்கள் பத்துக் குலங்களாக வகுக்கப்பட்டனர். குலத்துக்கு 50 பேராக, 500 பேர் கொண்ட சபை அன்றாட அலுவல்களைக் கவனித்தது. இறுதி முடிவோ பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் மன்றத்தினுடையது. ஏழைக் குடிமகனும் அங்கே எழுந்து பேசலாம், கையுயர்த்தி வாக்களிக்கலாம். ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் அங்கு இடமில்லை.

அந்த மன்றம் எப்படி நடந்துகொண்டது? பெலப்பொனீசியப் போர்க்காலத்தில், கி.மு. 427இல், கிளர்ச்சி செய்து தோற்ற மித்திலீன் நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்ல அது தீர்மானித்தது. கட்டளையுடன் கப்பலும் புறப்பட்டது. மறுநாள் மக்களின் மனம் உறுத்தவே, மன்றம் மீண்டும் கூடி மிகச் சிறிய பெரும்பான்மையால் முடிவை மாற்றியது. இரண்டாவது கப்பல் இரவுபகலாக விரைந்து சென்று நகரைக் காத்தது. கிளர்ச்சியின் தலைவர்கள் மட்டும் உயிர் தப்பவில்லை. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

பதினொரு ஆண்டுகளின் பின், நடுநிலை வகிக்க விரும்பிய மெலோஸ் தீவுக்கு அப்படியொரு இரண்டாவது கப்பல் வரவில்லை. பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

அடுத்த வசந்தத்தில், கி.மு. 415இல், டயோனிசஸ் விழாவில் யூரிப்பிடீஸின் ‘திரோய் நகரப் பெண்கள்’ மேடையேறியது. கணவரை இழந்து, வென்றவர்களின் கப்பலுக்காகக் காத்திருக்கும் பெண்களின் புலம்பலே அந்நாடகம். மெலோஸை மனத்திற்கொண்டுதான் அவர் எழுதினாரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. நாடகத்தில் அத்தீவின் பெயர் வருவதுமில்லை. ஆயினும் மன்றத்தில் குரலற்றிருந்த பெண்ணும் அடிமையும் அரங்கிலே பேசினர். அவர்களின் வேடத்தை ஏற்றவர்கள் ஆண் நடிகர்களே என்பதும் உண்மை.

அதே ஆண்டில் ஏதென்ஸ் சிசிலிக்குப் பெரும் படை அனுப்பியது. கி.மு. 413இல் அப்படை அழிந்தது. கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது.

யூரிப்பிடீஸுக்கு அந்த விழாவில் இரண்டாம் பரிசே கிடைத்தது. முதற் பரிசு பெற்ற செனோக்கிளீஸின் நாடகங்கள் மறைந்துவிட்டன. திரோய் நகரப் பெண்களின் குரலோ இன்றும் உலக அரங்குகளில் ஒலிக்கிறது.