அடியார் வரலாறும் அச்சுத் தமிழும்

அடியார் பெருமை பேசாத சமயம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அறுபத்து மூவர் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடியருளினார். அதற்கடுத்த நூற்றாண்டில் இத்தாலி நாட்டுத் தொமினிக்கத் துறவி யாக்கோபு என்பார் கிறித்தவப் புனிதர்களின் வரலாறுகளை இலத்தீனில் தொகுத்தார். திருநாட்களின் வரிசையில் அமைந்த அந்நூல் எண்ணற்ற கையெழுத்துப் படிகளாக ஐரோப்பா எங்கணும் பரவியது.

ஆயினும் இலத்தீன் கற்றோர்க்கே உரிய மொழி. எளிய மக்களுக்கு அவ்வரலாறுகளை எட்டச் செய்தவை தாய்மொழிச் சுவடிகளே. ஜெர்மானிய நாடுகளில் 14ஆம் நூற்றாண்டிலேயே யாக்கோபுவின் நூல் உரைநடையாகப் பெயர்க்கப்பட்டது. 1400ஆம் ஆண்டையொட்டி நியூரம்பர்க்கு நகரத் தொமினிக்கத் துறவியர் ‘புனிதர் வாழ்வு’ என்னும் பெருந்தொகுதியை ஆக்கினர். கோடைப் பகுதி, குளிர்காலப் பகுதி என அஃது இரு கூறாயிற்று. இலத்தீன் அறியாத கன்னியர் மடங்களில், உணவு வேளையில் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்பர். படிக்கத் தெரிந்த ஒருவரால் கேட்கும் பலர் பயன்பெற்றனர். 1471-72இல் ஆக்ஸ்பர்க்கில் குந்தர் சைனர் அதனை அச்சிட்டார்.

இதனையொத்த நூல் தமிழிலும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். போர்ச்சுகல் நாட்டு அண்டிரிக்கு அடிகளார் 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே நெடுங்காலம் தொண்டாற்றினார்; அவர்தம் மொழியைக் கற்று இலக்கணமும் வரைந்தார். அவர் பெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலே, இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் முதலாவதாகும். நாம் வாழும் வங்கத்தில், ஊக்ளியில் ஹால்ஹெட்டின் இலக்கண நூல் வாயிலாக வங்க எழுத்து அச்சேறியது 1778இல். இடையே சரியாக இருநூறு ஆண்டுகள்!

அடிகளாரின் பெரும்பணி 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலே தமிழ் உரைநடையில் அச்சேறிய முதல் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதி. பாட்டே நூல் எனப்பட்ட காலத்தில், கடற்கரை மக்களின் பேச்சு வழக்கை அஃது ஏட்டில் ஏற்றியது. நானூறு ஆண்டுகளுக்கு முன் எளியவர் எவ்வாறு பேசினர் என்பதற்கு இன்று அஃதொரு சான்று. புலவர் பாடலில் காணக் கிடைக்காத தமிழ் அது.

ஆனால் இரு நூல்களின் வாழ்வும் ஒன்றாக இல்லை. ஜெர்மன் நூல் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பெற்றது. அச்சிலும் பல பதிப்புகள் கண்டது. தமிழ் நூலோ பிறந்த மண்ணில் மறைந்தே போயிற்று. வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி தங்கியது. 1950களில் தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களின் சிறப்பைத் தமிழுலகுக்கு உணர்த்தினார். அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, 1967இல் தூத்துக்குடியில் அது மறுபிறவி எடுத்தது. இடைப்பட்ட காலம் 381 ஆண்டுகள்.

நூலைக் காப்பது அலமாரி. வாழ வைப்பது வாசிப்பவர் நாவு. வத்திக்கான் அலமாரி ஏட்டைக் காத்தது. அதனைப் படிக்கும் வீடு நெடுங்காலம் இல்லாதிருந்தது. நியூ டவுனில் அடுக்ககங்களில் வாழும் நம் பிள்ளைகள் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் நன்கு கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோருள்ளும் தமிழ் எழுத்தைக் கண்டு தயங்குவோர் பலர். பேச்சோடு நின்ற மொழி அடுத்த தலைமுறையில் பேச்சையும் இழக்கும். இரவு உணவின்போது நாளும் ஒரு பக்கம், பெரியபுராணக் கதையோ வேறு நல்ல நூலோ, ஒருவர் படிக்க மற்றவர் கேட்போமாக. அன்று மடங்களில் இயன்றது இன்று நம் இல்லங்களில் இயலாததன்று.