உடலுள் உயிரைத் தேடியவர்கள்

அசாம் ஜாவாத் தோட்டப்புறங்களில் இறப்பை ‘உயிர் பிரிந்தது’ என்றே சொல்லி வந்துள்ளோம். பிரியுமுன் அவ்வுயிர் உடலில் எங்கிருந்தது? திருமூலரின் கவலை வேறு. உடல் அழிந்தால் உயிர் மெய்ஞ்ஞானம் எய்தாது என்பதால் உடலைப் பேணும் வழியை அவர் நாடினார். மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய மருத்துவரோ இருப்பிடத்தையே தேடினர். மூளையின் அடியிலுள்ள குருதிக்குழாய் வலையொன்றில்தான், ஆன்மாவின் ஏவலை உடலெங்கும் கொண்டுசெல்லும் நுண்பொருள் உருவாகிறது என்பது பண்டைய மருத்துவர் கேலன் வழிவந்த கொள்கை. வெசாலியசும் 1538இல் அவ்வலையை வரைந்தார்.

1543இல் அவரே, மனிதரிடம் அது இல்லை என்று எழுதினார். ஆன்மா எங்கே என்ற வாதத்தில் அவர் இறங்கவில்லை. சமயத்தாரின் சினத்துக்கு அஞ்சினார் என்றே கருதுகிறோம். ஆயினும் தம் பிழையை மறைக்கவில்லை. மனிதத் தலையில் காணாத வலையை மாணவருக்குக் காட்டுவதற்காகவே, ஆட்டுத்தலையோ மாட்டுத்தலையோ அருகில் வைத்துப் பாடம் நடத்தியதை அந்த ஆசிரியர் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார்.